வாடகைப் பணத்தில் நம்ம பணம் எது?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வாடகைக்கு வீடு விட்டிருக்கும் உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இன்னைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு வாடகை வீடு. “இதுல பேச என்ன இருக்குதுங்க, மாசமானா வாடகை வருது, வாங்கிச் செலவு பண்றோம்” என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அக்கா கோவிச்சுக்கக் கூடாது. அவங்களுக்காகத்தான் முக்கியமா இந்தப் பேச்சு.

நம்ம திருப்பூர்ப் பக்கம் லைன் வீடு இல்லாத தெரு கிடையாது. பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற குடும்பங்கள் தங்குவதற்கு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு என்று வரிசையாக நாலு வீடு, ஆறு வீடு கட்டி விட்டிருக்கிறோம். நம்ம உறுப்பினர்கள் கட்டிய வீடு எந்தப் பணத்தில் வந்தது? குழுக்கடன், வீட்டுக்காரருக்கு வந்த பி.எஃப். பணம், அடகுக்குப் போய் மீளாத நகை, இதிலே எல்லாம் சேர்த்துக் கட்டியது. பெரிய முதலாளிகள் கட்டினது வேற. நமக்கு அந்த நாலு வீடுதான் பென்ஷன், அதுதான் பிள்ளைகளின் படிப்பு. அதனால்தான் அதை ஒழுங்காக நடத்தத் தெரிஞ்சுக்கணும் என்கிறேன். கறவை மாடு வாங்கக் கடன் கொடுக்கும்போது தீவனச் செலவு என்ன, வைத்தியச் செலவு என்ன என்று குழுவில் எத்தனை கேள்வி கேட்கிறோம்? வாடகை வீட்டுக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

ஒரு அக்காவின் கதை

பேர் சொல்ல மாட்டேன். அவங்களே “பேரை மட்டும் சொல்லாம எல்லாத்தையும் சொல்லு கண்ணு, நாலு பேருக்குப் பயன்படட்டும்” என்று அனுமதி கொடுத்தாங்க.

அந்த அக்காவுக்கு நாலு லைன் வீடு. ஒரு வீட்டுக்கு மாத வாடகை 3,500 ரூபாய். மூணு மாத வாடகை அட்வான்ஸ், அதாவது 10,500. நாலு வீட்டுக்கும் சேர்த்து 42,000 ரூபாய் அட்வான்ஸ் கையில் வாங்கியிருந்தாங்க. பொண்ணு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். வந்த பணத்தை அப்படியே கட்டிட்டாங்க. “ஒரு குடும்பம் காலி பண்ணுனா அடுத்த குடும்பம் அட்வான்ஸ் தரப்போகுது, அதை எடுத்து இவங்களுக்குக் கொடுத்திடலாம்” என்று ஒரு கணக்கு. நம்மில் பாதிப் பேர் போடுகிற கணக்கு இதுதானே?

2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தது. கம்பெனி எல்லாம் மூடினாங்க. சனிக்கிழமை சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சோறே கேள்விக்குறி. மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வீட்டு உரிமையாளர்கள் வாடகை கேட்கக்கூடாது, காலி பண்ணச் சொல்லவும் கூடாது என்று. மே மாதம் ரயில் விட்டதும் வடக்கே இருந்து வந்தவங்க ஊருக்குப் போகக் கிளம்பினாங்க. தெக்கத்திக் குடும்பங்களும் கிளம்பினாங்க. அந்த அக்காவின் நாலு வீடும் இரண்டே வாரத்தில் காலி. நாலு பேரும் வாசல்ல நின்னு அட்வான்ஸைக் கேட்கிறாங்க. கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம்.

தாலிக்கொடியை வச்சு மூணு பேருக்குக் கொடுத்தாங்க. நாலாவது குடும்பம், கைக்குழந்தையோட புருசனும் பொண்டாட்டியும். “நீங்க போங்க, நான் அனுப்பி வைக்கிறேன்” என்று சொல்லி அனுப்பினாங்க. அவங்களும் நம்பிப் போனாங்க. நாலு மாசம் கழிச்சுப் பணம் தயாரானபோது அந்த போன் நம்பர் வேலை செய்யலை. இன்னைக்கு வரைக்கும் அந்த அக்காவின் நோட்டில் “கொடுக்க வேண்டியது 10,500” என்று எழுதி, அந்தப் பணம் தனியாக இருக்கிறது. “அந்தப் புள்ள குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம போனது இன்னும் என் கண்ணுல நிக்குது” என்பாங்க. அந்த அக்கா கெட்டவங்க இல்லை. நாணயமானவங்க. குழுவில் ஒரு தவணை தவறாதவங்க. அவங்க செய்த தப்பு ஒன்றுதான். எது நம்ம பணம், எது நம்ம பணம் இல்லை என்று பிரித்து வைக்கவில்லை.

மூன்று பங்கு

வாடகை வீட்டில் நம்ம கைக்கு வருகிற பணத்தை மூன்றாகப் பிரிக்கணும்.

முதல் பங்கு, அட்வான்ஸ். இது குடியிருப்பவர்களின் பணம். நம்மிடம் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். குழுச் சேமிப்பை நம்ம ஊக்குநர் எடுத்துச் செலவு பண்ணினால் சும்மா விடுவோமா? அதே மாதிரிதான் இதுவும். அட்வான்ஸை வாங்கிய அன்றே வங்கியிலோ அஞ்சலகத்திலோ உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போடுங்க. ஏற்கனவே செலவு பண்ணியாச்சு என்றால் பயப்பட வேண்டாம். மாதா மாதம் 1,000 ரூபாய் வீதம் திரும்பச் சேர்த்து வையுங்க. முதலில் ஒரு வீட்டு அட்வான்ஸ் முழுசாகச் சேரட்டும். அது இருந்தாலே ஒருத்தர் காலி பண்ணும்போது தலைகுனிய வேண்டியதில்லை.

இரண்டாவது பங்கு, வீட்டுக்கே சேர வேண்டியது. வீடும் தேயும். கூரை, குழாய், ஒயர், கதவு எல்லாத்துக்கும் ஆயுள் உண்டு. வாடகையில் பத்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கு என்று எடுத்து வையுங்க. நாலு வீட்டு வாடகை 14,000 என்றால் மாதம் 1,400. ஒரு வருடத்தில் 16,800 சேரும். அரையாண்டு வீட்டு வரியையும் தனியாக ஒதுக்குங்க. ஒரு வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்க.

மூன்றாவது பங்குதான் நம்மது. மிச்சம் இருப்பதுதான் வருமானம். கடன் தவணை, மளிகை, பீஸ் எல்லாம் இதிலிருந்துதான். “எனக்கு மாசம் பதினாலாயிரம் வாடகை வருது” என்று சொல்லாதீங்க. எல்லாம் போக எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்க. அப்பத்தான் அதை நம்பி எவ்வளவு கடன் வாங்கலாம் என்றும் தெரியும்.

இன்னொன்று. வீடு உங்கள் பெயரில் இருந்தால் வாடகையும் உங்கள் கணக்குக்கே வரட்டும். வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடணும். ஆனால் வரவு செலவு நோட்டு உங்க கையில் இருக்கட்டும். குழுவில் கணக்கு எழுதப் பழகிய கை இது. வீட்டுக் கணக்கு எழுதத் தெரியாதா என்ன?

ரிப்பேர் வேலை: எது முதலில்?

போன வருடம் வேறொரு உறுப்பினர் வீட்டில் நடந்தது. தீபாவளிக்கு முன்னாடி நாற்பதாயிரம் செலவு பண்ணி டைல்ஸ் ஒட்டி, ரோஸ் கலர் பெயிண்ட் அடித்து வீட்டை மினுமினுன்னு ஆக்கினாங்க. ஐப்பசி மழை பிடிச்சுது. பதினைந்தே நாளில் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி உரிஞ்சுது. கடைக்காரர் ஏமாத்திட்டார் என்று ஒரே சண்டை. பெயிண்டில் குறை இல்லை. மொட்டை மாடியில் விரிசல். மேலே இருக்கிற ஓட்டையை விட்டுட்டுக் கீழே அலங்காரம் பண்ணினால் அந்தக் காசு தண்ணியிலதான் போகும்.

அதனால் வரிசையை மனசில் வச்சுக்கங்க: கூரை, தண்ணீர், கரண்ட், கக்கூஸ், கடைசியாகத்தான் தரையும் பெயிண்டும்.

*கூரை.* நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் கூரை வேலை முடிஞ்சிருக்கணும். ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டாங்க. ஆனியில் ஒரு குடும்பம் காலி பண்ணினால் ஆவணி வரை வீடு பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அந்த ஒரு மாதத்தை ரிப்பேருக்கு எடுத்துக்கங்க. மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் வாயில் குப்பை அடைத்திருக்கிறதா பாருங்க. பாதி ஒழுகல் அங்கேதான் ஆரம்பம். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, அந்த ஓட்டையைப் பூசுங்க. மேலே ஒடிச்சு விட்டால் வேர் உள்ளே போய்ச் சுவரைப் பிளக்கும். அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மேலே மேலே சிமெண்டு பூசி மறைக்காதீங்க. கம்பி துருப்பிடிச்சா ஊதும், ஊதினா கான்கிரீட்டைத் தள்ளும். அது யார் தலையிலாவது விழும். அதற்கு விவரம் தெரிந்த பொறியாளரைத்தான் கூப்பிடணும்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு என்றால் போல்ட் வாஷரை மாற்றினாலே பல ஒழுகல் நிற்கும். ஷீட் மேல் யாரையும் நேராகக் கால் வைத்து நடக்க விடாதீங்க, உடைஞ்சு விழுந்துடுவாங்க. பலகை போட்டுத்தான் நடக்கணும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கிறது, காய்ந்தபடி அறுக்கிறது கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, உடையாமல் கழற்றணும். கோடையில் ஷீட் மேல் வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறையும். கம்பெனியில் பத்து மணி நேரம் நின்னுட்டு வருகிறவங்க ராத்திரி தூங்குவாங்க.

*தண்ணீர்.* நமக்குக் குழாய்த் தண்ணி தினமும் வருவதில்லை. அதனால் தொட்டியில் கசிந்தால் நஷ்டம் நமக்குத்தான். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்க. காலையில் குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. தொட்டிக்கு மூடி கட்டாயம். மூடி இல்லாத தொட்டிதான் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில்.

*கரண்ட்.* நாலு வீட்டுக்கும் ஒரே இணைப்பு, உள்ளே சின்ன மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது இங்கே பழக்கமாக இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. நாலு குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால் ஒரு பங்குதான் கிடைக்கும், யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். முடிந்தவரை தனித்தனி இணைப்பு வாங்கிக் கொடுங்க. முடியாவிட்டால் மின் அட்டையைக் காட்டிக் கணக்குச் சொல்லுங்க. கரண்டில் லாபம் பார்ப்பது நமக்கு வேண்டாம்.

இப்போது பல குடும்பங்கள் கரண்ட் அடுப்பு வைத்திருக்காங்க. 2,000 வாட் அடுப்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பிளக் உருகும், ஒயர் சூடாகும். சமையல்கட்டில் ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டும் அதற்கேற்ற ஒயரும் போட்டுக் கொடுங்க. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்க. ஷாக் அடித்தால் கண் இமைக்கும் முன் கரண்டை நிறுத்தும். எர்த் ஒழுங்காக இருக்கணும். இந்த வேலைக்கெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனையே கூப்பிடுங்க. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிற குழந்தை வாடகை வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் குழந்தைதானே.

*கக்கூஸ்.* நாலு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் என்றால் காலையில் எட்டு மணி ஷிப்டுக்குப் போகும் பெண்கள் படும் பாடு நமக்குத் தெரியாததா? இரண்டாவது ஒன்று கட்டுவது டைல்ஸைவிட முக்கியம். உள்ளே தாழ்ப்பாள், லைட், ஒரு குப்பை டப்பா, இது மூன்றும் இருக்கட்டும். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்க. ஆளை உள்ளே இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். விஷ வாயுவில் போன உயிருக்கு நாம் பதில் சொல்ல முடியாது.

செலவுக்கு முன் ஒரு கணக்கு

டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்யுங்க என்கிறேன். உதாரணமாக, ஒரு வீட்டுக்கு 36,000 செலவு செய்கிறீங்க. அதனால் வாடகை மாதம் 500 கூடுகிறது. போட்ட பணம் திரும்ப 72 மாதம், அதாவது 6 வருடம் ஆகும். அதற்கு வட்டி வேறு. வாராந்திரத் தவணை கட்டுகிற கடனை வாங்கி இதைச் செய்தால் வாடகை வருவதற்குள் தவணை வந்து நிற்கும். அதே வீட்டில் ஒழுகலை நிறுத்த 8,000 செலவு செய்து, அதனால் ஒரு நல்ல குடும்பம் காலி பண்ணாமல் இருந்தால், இரண்டு மாதம் சும்மா கிடந்து போகிற 7,000 மிச்சம். எது லாபம் என்று நீங்களே சொல்லுங்க.

நாலு வீட்டையும் ஒரே நேரத்தில் தொடாதீங்க. ஒரு வீடு முடித்து அடுத்த வீடு.

மேஸ்திரியிடம் வேலை விடும்போது என்னென்ன வேலை, எவ்வளவு அளவு, யார் சாமான், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. முழுப்பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீங்க. வேலை நடக்க நடக்கக் கொடுங்க. கூரை வேலை என்றால் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கசியவில்லை என்று தெரிந்த பிறகு கொடுங்க. சிமெண்டு மூட்டையில் தயாரித்த வாரம் போட்டிருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வாங்க வேண்டாம். பூச்சு வேலைக்குப் பிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விடணும். சித்தாள் வேலைக்குப் போகிற சகோதரிகள் இங்கேயே இருக்காங்க. கலவை சரியா, தப்பா என்று அவங்களைக் கூட்டிப் போய்க் காட்டுங்க. நம்ம கூட்டமைப்பிலேயே இருக்கிற அறிவு இது.

வாய்ப்பேச்சு போதாது, எழுத்து வேண்டும்

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2017-இல் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரை ஆட்சியர் இதற்கு நியமிக்கிறார். உங்கள் இடம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதினோரு மாதம் என்று எழுதினால் ஒன்றும் தேவையில்லை என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

3. வாடகை வாங்கினால் கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும்.

4. ரிப்பேரில் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படிதான். கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை நம் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு.

5. குடியிருக்கும் வீட்டை மேம்படுத்தி வாடகையைக் கூட்ட நினைத்தால், வேலை தொடங்கும் முன்பே அவர்களோடு பேசி எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கூடுதல் வாடகை.

6. வாடகை தரவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

ஆறாவதைச் சொல்லும்போது சில அக்காக்கள் முகம் மாறுது. “அப்ப வாடகை தராதவங்களை என்ன பண்றது?” என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, வாடகை நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். அங்கேதான் எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் நமக்குக் கை கொடுக்கும். பியூஸைப் பிடுங்கினால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் தப்பு நம்ம பேரில் வந்துடும்.

அப்புறம் நம்ம ஊர் வழக்கம் ஒன்று. காலி பண்ணும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது. குடிவரும்போதே அதை எழுதியிருந்தீங்களா? எழுதாமல் கடைசி நாளில் பிடித்தால் அதுதான் சண்டை. குடிவரும் அன்று பேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, சாவி எத்தனை, மீட்டர் எண் என்ன என்று பட்டியல் போட்டு, சுவரைச் செல்போனில் படம் எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்க. காலி பண்ணும்போது அதே பட்டியலைப் பார்த்துக் கணக்கு முடிங்க. ஆணி அடித்த ஓட்டைக்கும் அடுப்புக் கரிக்கும் அட்வான்ஸைச் சுரண்ட வேண்டாம். வாழ்ந்த வீட்டில் அடையாளம் இருக்கத்தான் செய்யும்.

குடும்பம் உள்ளே இருக்கும்போது ரிப்பேர் செய்ய வேண்டி வந்தால் ஒரு நாள் முன்னதாகவே எழுதிச் சொல்லிட்டுப் போங்க. நம்ம வீடுதானே என்று திடீரென்று கதவைத் திறந்துகொண்டு போவது முறையில்லை. ஷிப்டு முடிந்து வந்து தூங்குகிறவங்க இருப்பாங்க. குளிக்கிற பெண்கள் இருப்பாங்க. ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தால் அவங்களுக்கும் வசதி.

யாருக்கு வீடு கொடுப்போம்?

கடைசியாக மனசுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். நான் சமூகப் பணி படித்து முடித்து இந்த வேலைக்கு வந்த புதிதில் தனியாக ஒரு ரூம் தேடினேன். ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். “கல்யாணம் ஆயிடுச்சா? என்ன ஆளுங்க? ராத்திரி எத்தனை மணிக்கு வருவே?” இதுதான் கேள்வி. வாடகை தருவியா என்று யாருமே கேட்கலை. பத்தாவது வீட்டில் ஒரு பாட்டி, “பொட்டப்புள்ள தனியா நிக்குது, உள்ள வா சாமி” என்று சாவியைக் கொடுத்தாங்க. ஐந்து வருடம் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு மாசம்கூட வாடகை தவறலை.

நம்மில் பலர் ஒரு காலத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தவங்கதான். எங்கம்மா ஒழுகுகிற வீட்டில் பாத்திரத்தை வைத்து வைத்து ராத்திரி பூரா மழைத்தண்ணி பிடிச்சதை நான் பார்த்திருக்கேன். வீட்டுக்காரரிடம் கேட்கப் பயம், காலி பண்ணச் சொல்லிடுவாங்களோ என்று. இன்னைக்கு நம்ம கையில் சாவி இருக்கிறது. சாதி கேட்டு, மதம் கேட்டு, மொழி கேட்டு, புருசன் இருக்காரா என்று கேட்டு வீடு கொடுக்கிறதை நம்ம உறுப்பினர்கள் நிறுத்தணும். வேலை எங்கே, எத்தனை பேர், வாடகை எந்தத் தேதி, அடையாள அட்டை நகல் ஒன்று, இது போதும். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு நோட்டு கொண்டு வாங்க. அதில் மூணு பக்கம் மட்டும். முதல் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் திருப்பித் தரணும், அதில் எவ்வளவு கையில் இருக்கு. இரண்டாவது பக்கத்தில் இந்த மாதம் ரிப்பேருக்கு ஒதுக்கியது எவ்வளவு, எந்த வேலை முதலில். மூன்றாவது பக்கத்தில் மிச்சம் எவ்வளவு. குழுவில் உள்கடன் கேட்கும்போது இந்த நோட்டையும் காட்டணும் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் நல்லது. கூட்டமைப்பில் பேசி ஒரு மாதிரி ஒப்பந்தமும் ரசீதுப் புத்தகமும் அச்சடித்துக் கொடுக்க முயற்சி செய்கிறோம்.

முதலில் சொன்ன அந்த அக்கா இப்போது என்ன செய்யறாங்க தெரியுமா? தாலிக்கொடி மீண்டாச்சு. நாலு வீட்டுக்கும் ஆள் வந்தாச்சு. வாங்கிய அட்வான்ஸ் பாஸ்புக்கில் அப்படியே இருக்கு. போன ஆடியில் கூரை வேலையை ரிப்பேர் பணத்திலேயே முடிச்சாங்க, பத்துப் பைசா கடன் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் நாலு பேருக்குப் பதிலாக ஐந்து பேர் எழுதியிருக்கும். ஐந்தாவது அந்தக் கைக்குழந்தைக்காரக் குடும்பம். “என்னைக்காவது திருப்பூருக்கு வந்தா இந்தத் தெருவுக்கு வராமயா போவாங்க” என்று சொல்றாங்க.

உங்க நோட்டில் அப்படி ஒரு ஐந்தாவது வரி விழாமல் பார்த்துக்கங்க. சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாங்க, பேசலாம்.